உதடு மரத்தது, பல் மரக்கவில்லை: ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லின் நிகழ்வு ஆய்வு

பல் மருத்துவரிடம் போய் வந்தவர்கள் சொல்லும் குறைகளில் இரண்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ‘ஊசி போட்டும் வலிச்சுது’ என்பது ஒன்று. ‘அடைச்ச பிறகுதான் வலியே ஆரம்பிச்சுது’ என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே பல்லில் அனுபவித்த ஒருவரின் சிகிச்சையை இங்கே தொடக்கம் முதல் முடிவு வரை எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். உடன் தொழில் செய்பவர்கள் படிக்க வேண்டும் என்பது என் முதல் நோக்கம். பல் அடைக்கப் போகிறவர்களும் படித்தால் எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்வார்கள்.

பின்னணி

நோயாளி 46 வயதுப் பெண். பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையில் ஊர். நாற்றுப் பறி, நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயல் வேலைதான் பிழைப்பு. வயலில் வேலை இல்லாத நாட்களில் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போவார். எடை 48 கிலோ. சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், வயிற்றுப்புண் எதுவும் இல்லை. வெற்றிலை பாக்குப் பழக்கம் இருபது ஆண்டுக்கு மேல். புகையிலை சேர்ப்பதில்லை என்றார்.

எங்களுடையது கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ஒரே ஒரு நாற்காலி உள்ள சின்ன பல் மருத்துவமனை. வருகிறவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்காரர்கள். மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகள் பலவற்றிலும் அந்தக் கணக்கு இருக்கிறது.

முதல் அடைப்பு

வைகாசி கடைசியில், குறுவை வேலை தொடங்குவதற்கு முன்னால், வலது கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் சோறு மாட்டிக்கொள்கிறது என்று வேறொரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். சொத்தை ஆழமாக இருக்கிறது, மரக்கிற ஊசி போட்டு அடைத்துவிடலாம் என்றிருக்கிறார்கள். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மருத்துவரின் தரப்பை நான் கேட்கவில்லை. அதனால் இந்தப் பகுதியை நோயாளியின் நினைவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் சாப்பிடாமல் போயிருக்கிறார். ஊசி வேகமாக ஏறியது, உடனே நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது, நெற்றியெல்லாம் குளிர்ந்து வியர்த்தது என்றார். அது அடங்கியதும் ‘உதடு மரத்துச்சா?’ என்று கேட்டார்களாம். மரத்திருந்தது. ஆமாம் என்றதும் பல்லைக் குடையும் கருவியான ஏரோட்டரைப் பல்லில் வைத்திருக்கிறார்கள். மேலே சுரண்டும் வரை ஒன்றுமில்லை. உள்ளே போகப் போக உச்சந்தலை வரை வலி ஏறியிருக்கிறது. கையைத் தூக்கியிருக்கிறார். ‘உதடுதான் மரத்துப்போச்சே, வலிக்காதும்மா, பயத்துல அப்படித் தெரியுது. ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க’ என்று பதில் வந்திருக்கிறது. பொறுத்துக்கொண்டார். லைட் வைத்து வெள்ளை அடைப்பு போட்டார்கள். நாற்காலியில் சாய்ந்த வாக்கில் கார்பன் தாளைக் கடிக்கச் சொன்னார்கள். வாய் பாதி மரத்த நிலையில், கண்ணீரோடு, எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

மரப்பு தெளிந்தபின், மறுநாள் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தது. திரும்பப் போனபோது புது அடைப்பு அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றார்கள். கூடவே, அவருடைய சீட்டில் மரக்கிற ஊசிக்கு அலர்ஜி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டை நான் பார்த்தேன். எதனால் அப்படி எழுதினார்கள் என்ற விவரம் அதில் இல்லை.

எங்களிடம் வந்தபோது கண்டது

அடைத்துப் பத்து நாள் ஆனபோது கணவரோடு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்: ‘இவ ரொம்ப பயந்தவ டாக்டரம்மா. ஊசின்னாலே ஆகாது.’ இது எங்களுக்குப் பழக்கமான அறிமுகம். ஊசி போட்டும் வலித்த ஒருவர், அடுத்த மருத்துவரிடம் வரும்போது பயந்தவர் என்ற பட்டத்தோடுதான் வருகிறார். வலித்தது என்ற தகவல் அந்தப் பட்டத்துக்குள் காணாமல் போய்விடுகிறது. எனவே கணவரைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவரிடமே முதலிலிருந்து கேட்டேன்.

கடித்தால் வலி, முக்கியமாகக் கடித்துவிட்டு விடும்போது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது, உடனே அடங்கிவிடுகிறது. இரவில் தூங்க முடிகிறது. தானாக வலி கிளம்புவதில்லை.

பரிசோதனையில், பல்லைத் தட்டினால் லேசான வலி. ஈறில் வீக்கம் இல்லை. பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்துப் பல்லில் வைத்தால் பக்கத்துப் பல்லைவிடக் கூடுதலாகக் கூசியது, எடுத்த சில நொடிகளில் நின்றது. எக்ஸ்ரேயில் அடைப்பு ஆழமாகத் தெரிந்தது. அதற்கும் நடுவிலுள்ள நரம்பு அறைக்கும் இடையில் மெல்லிய பல் சுவர் மிச்சமிருந்தது. வேர் நுனியில் தொற்றைக் காட்டும் கருமை இல்லை.

அப்புறம் அவரை நேராக நிமிர்ந்து உட்காரச் சொல்லி, நீலக் கார்பன் தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன். பிறகு வெற்றிலை மெல்வது போலப் பக்கவாட்டில் அரைக்கச் சொன்னேன். அடைப்பின் பின்பக்க உள் ஓரத்தில் அழுத்தமாக ஒரு நீலப் பொட்டு விழுந்தது. மற்ற பற்களில் ஏறக்குறைய எதுவுமே விழவில்லை. வாயின் முழு அழுத்தமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கிக்கொண்டிருந்தது.

சாய்ந்து படுத்திருக்கும்போது கீழ்த்தாடை கொஞ்சம் பின்னால் சரியும். உட்கார்ந்தால் வேறு இடத்தில் கடிக்கும். அதோடு, பாதி வாய் மரத்திருப்பவரால் எது உயரம் என்று சொல்ல முடியாது. நாற்காலியில் சரியாக இருந்த அடைப்பு வீட்டில் இடிப்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு கன்னங்களின் உட்புறமும் வெளுத்து, தொட்டால் விறைப்பாக இருந்தது. வாய் 32 மி.மீ. தான் திறந்தது. பாக்கினால் வாயின் உட்புறம் நாராக இறுகிப்போகும் வாய் நார்மிகு நோயின் தொடக்கம் அது. பாக்கை விட வேண்டும் என்று அன்றே விளக்கினேன். கீழ்க் கடைவாய்க்கான ஊசி, தாடையின் உள்பக்கம் வெகு பின்னால், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தருகே போட வேண்டியது. வாய் முழுதாகத் திறக்காதவருக்கு அந்த இடத்தைப் பிடிப்பது கடினம். முதல் ஊசி சரியாகப் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

முதல் முடிவு: உயரத்தைக் குறைத்துக் காத்திருப்பது

அன்று மூன்று வழிகள் இருந்தன. அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி போடுவது, பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிடும் வேர் சிகிச்சைக்கு நேரே போவது, உயரத்தை மட்டும் குறைத்துவிட்டுப் பார்ப்பது. மூன்றாவதைத் தேர்ந்தேன். தட்டினால் வலிப்பதும் கடித்தால் வலிப்பதும் உயரமான அடைப்பாலேயே வரக்கூடியவை. குளிர்க் கூச்சம் சில நொடியில் நிற்கிறது என்றால் உள்ளே இருக்கும் நரம்பு இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. வேர் சிகிச்சை செய்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. அடைப்பை மறுபடி தோண்டினால் ஏற்கெனவே நொந்த நரம்புக்கு இன்னொரு அடி.

ஊசி தேவைப்படவில்லை. தேய்த்தெடுக்கும் மெல்லிய வைர பர்ரால் பொட்டு விழுந்த இடத்தை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் உட்கார வைத்துக் கடிக்கச் சொன்னேன். நீலம் எல்லாப் பற்களிலும் பரவலாக விழத் தொடங்கியபோது அவரே சொன்னார்: ‘இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணா சேருது டாக்டரம்மா.’

அனுப்பும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். அடைப்பு ஆழமானது, நரம்பு தேறிவிடும் என்று உறுதி கொடுக்க முடியாது. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, சூடு பட்டு நெடுநேரம் நிற்கும் வலி, ஒன்றும் செய்யாமலே கிளம்பும் வலி, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் வாருங்கள் என்றேன். கணவரையும் உள்ளே கூப்பிட்டு அதையே மறுபடி சொன்னேன்.

நடவு நாட்களில் மாறிய வலி

அந்த வாரமே கடிக்கும்போது இருந்த வலி குறைந்துவிட்டதாகப் போனில் சொன்னார். குறுவை நடவு மும்முரமாக இருந்தது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணை தாண்டி வந்துவிட்டால், இந்தப் பக்கத்தில் நடவு ஆளுக்கு ஓய்வு கிடையாது.

ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வந்து நின்றார். கையில் ஐஸ் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில். பேசுவதற்கு முன் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, கன்னத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார். விழுங்கியதும் சில நிமிடம் பேச்சு வரும், மறுபடி பாட்டில்.

வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். வயலில் குனிந்தபோது என்றார். நிமிர்ந்து நாற்று முடி வாங்கும்போது இல்லை. குனிந்து நட ஆரம்பித்தால் பல்லுக்குள் விண் விண்ணென்று தெறிக்கும். முதல் நாள் வரப்பில் ஏறி உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருக்கிறார். இரண்டாம் நாள் இரவு படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிந்திருக்கிறது. கிராம்புத் தைலம் வைத்துப் பார்த்திருக்கிறார், கடையில் மாத்திரை வாங்கியிருக்கிறார். அட்டையைக் காட்டச் சொன்னேன். வெறும் பாராசிட்டமால்தான்.

குனிந்தால், படுத்தால் கூடும் வலி, குளிர்ந்த தண்ணீரில் அடங்கும் வலி, இரண்டும் சேர்ந்து வந்தால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு மீள முடியாத அளவுக்கு அழன்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தலை தாழும்போது அங்கே ரத்த அழுத்தம் கூடுகிறது. நாலு பக்கமும் கெட்டியான சுவருள்ள அறைக்குள் வீங்கிய திசுவுக்கு விரிய இடமில்லை. நடவு வேலையே இவருக்கு அந்தப் பரிசோதனையைச் செய்து காட்டிவிட்டது. சூடு வைத்துப் பார்த்தபோது வலி நெடுநேரம் நின்றது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் இன்னும் பெரிய மாற்றமில்லை.

கணவர் பல்லைப் பிடுங்கிவிடச் சொன்னார். அதுவும் ஒரு வழிதான், செலவும் குறைவு. ஆனால் பிடுங்குவதற்கும் இதே பல்லை மரக்க வைத்தாக வேண்டும். 46 வயதில் மெல்லும் பல் ஒன்று போனால் அடுத்த பல் சாயும், மேல் பல் இறங்கும். வேர் சிகிச்சையைக் குறைந்த செலவில் செய்ய சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம் என்பதையும் சொன்னேன். போக வர ஒரு நாள் ஓடிவிடும், அதுவும் ஒரு முறையோடு முடியாது. அவர் யோசித்துவிட்டு எங்களிடமே வேர் சிகிச்சை செய்துகொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ‘வலிக்குதுன்னு சொன்னா நிறுத்திடணும்.’

அலர்ஜிச் சீட்டு

ஊசியைத் தொடும் முன் அந்தச் சீட்டுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டியிருந்தது. மரக்கிற ஊசியில் வழக்கமாக இருக்கும் லிக்னோகெயின் 1943இல் உருவாக்கப்பட்டு 1948 முதல் புழக்கத்தில் இருக்கும் மருந்து. அதற்கு உண்மையான அலர்ஜி மிக அரிது. இவருக்கு அன்று உடம்பில் தடிப்பு வரவில்லை, உதடோ கண்ணோ வீங்கவில்லை, மூச்சு இழுக்கவில்லை. படபடப்பு, நடுக்கம், வியர்வை மூன்றும் சில நிமிடத்தில் தானாக அடங்கியிருக்கின்றன. பல்லுக்கான ஊசியில் மரப்பு நீடிக்க அட்ரினலின் சேர்த்திருப்பார்கள். அது வேகமாக ஏறினாலோ, ரத்தக் குழாய்க்குள் நேராகப் போனாலோ இதேதான் நடக்கும். வெறும் வயிறும் பயமும் அதைக் கூட்டும்.

அப்புறம் அவரே ஒன்றை நினைவுபடுத்தினார். சில வருடம் முன்பு அறுப்பின்போது கருக்கரிவாள் காலில் வெட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மரக்கிற ஊசி போட்டுத் தையல் போட்டிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. ரத்த அழுத்தம் 138/86 இருந்தது. அலர்ஜி இல்லை என்று முடிவு செய்தேன். அவசர மருந்துத் தட்டைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, எதனால் அன்று படபடத்தது என்று அவருக்குப் புரியும்படி சொன்னேன். ‘அப்ப எனக்கு ஒத்துக்காத ஊசின்னு இல்லையா?’ என்று கேட்டார். இல்லைம்மா என்றேன். ஒரு சீட்டில் தவறாக விழும் அலர்ஜி என்ற சொல், வாழ்நாள் முழுக்க ஒருவருக்கு வலியில்லாத சிகிச்சையை மறுத்துவிடக்கூடியது. நெஞ்சு படபடத்தது என்றால் படபடத்தது என்றே எழுத வேண்டும்.

மரக்க வைத்தது

அன்றும் சாப்பிடாமல்தான் வந்திருந்தார். கீழே உள்ள கடையில் இட்லி வாங்கி, இடது பக்கமாக மென்று சாப்பிடச் சொல்லி, பிறகு வலியையும் அழற்சியையும் குறைக்கும் ஐபுப்ரோஃபென் 400 மி.கி. மாத்திரை ஒன்று கொடுத்தேன். அழன்ற நரம்புள்ள பல்லுக்கு ஒரு மணி நேரம் முன்பே இது கொடுத்தால், பிறகு போடும் ஊசி பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் வேறு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

என்ன தெரியும், என்ன தெரியக்கூடாது என்று முன்கூட்டியே சொன்னேன். அழுத்தம் தெரியும், ஆட்டம் தெரியும், தண்ணீர் தெரியும், சத்தம் கேட்கும். வலி தெரியக்கூடாது. தெரிந்தால் இடது கையைத் தூக்க வேண்டும், தூக்கியதும் கருவி நிற்கும். ஏன் எதற்கு என்று அந்த நேரத்தில் கேட்க மாட்டேன்.

ஊசி குத்தும் இடத்தைத் துடைத்து, மேலே பூசும் மரப்பு ஜெல்லை இரண்டு நிமிடம் வைத்தேன். 2 சதவீத லிக்னோகெயின், 1:80,000 அட்ரினலினோடு. குத்தியதும் பின்னிழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்துவிட்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்லச் செலுத்தினேன். படபடப்பு வரவில்லை. வாய் 32 மி.மீ. திறந்தது வழக்கமான முறைக்குப் போதுமானதாக இருந்தது. இன்னும் குறைவாக இருந்தால் வாயை மூடியபடியே போடும் அகினோசி முறைக்குப் போயிருப்பேன்.

பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். உதடு, நாக்கின் பாதி, தாடை எல்லாம் மரத்திருந்தன. முதல் அடைப்பின்போது இந்த இடத்தில்தான் ஏரோட்டர் பல்லுக்குப் போயிருக்கிறது. நான் பல்லைக் கேட்டேன். குளிர் ஸ்ப்ரே பஞ்சை அந்தப் பல்லில் வைத்ததும் கை தூக்கினார். சுரீர் என்றது.

உதடு மரத்தால் மருந்து நரம்பின் அடிமரத்தை எட்டியிருக்கிறது என்று பொருள். அழன்று கிடக்கும் பல்லின் நரம்பு நுனிகள் அமைதியாகிவிட்டன என்று பொருளாகாது. அவை சாதாரண நிலையைவிடப் பல மடங்கு உசுப்பப்பட்டுக் கிடக்கின்றன, அங்கே மரப்பு மருந்து அடைக்க வேண்டிய சோடியம் வழிகளிலேயே மாற்றம் வந்திருக்கும். சிலருக்குத் தாடையின் உள்பக்கமாக வரும் இன்னொரு நரம்பும் அந்தப் பல்லுக்குக் கிளை அனுப்பும். அழற்சி உள்ள இடம் அமிலமாகிவிடும், அதனால் மருந்து வேலை செய்யாது என்று பலரும் சொல்வது பல்லுக்குப் பக்கத்தில் போடும் ஊசிக்குப் பொருந்தும். இங்கே முதல் ஊசி போட்ட இடம் பல்லிலிருந்து வெகு தூரம். எப்படியானாலும் இந்த நிலையிலுள்ள கீழ்க் கடைவாய்க்கு ஒற்றை ஊசி போதாமல் போவது அடிக்கடி நடப்பது. நோயாளியின் மனத்திடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்ததாக, பல்லுக்கு வெளிப்புறக் கன்னப் பக்கத்தில் இன்னொரு மரப்பு மருந்தான ஆர்ட்டிகெயினை 4 சதவீதத்தில் 1.8 மி.லி. போட்டேன். கீழ்த்தாடையின் கெட்டி எலும்பை ஊடுருவுவதில் இது லிக்னோகெயினைவிட மேல். அளவுக் கணக்கை அவ்வப்போது எழுதிக்கொண்டே வந்தோம். 48 கிலோ எடைக்குக் கிலோவுக்கு 7 மி.கி. என்று வைத்தால் உச்சவரம்பு 336 மி.கி. இதுவரை 40 மி.கி. லிக்னோகெயினும் 72 மி.கி. ஆர்ட்டிகெயினும் போயிருந்தன. இரண்டையும் சேர்த்தாலும் 112 தான்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி குளிர் வைத்தோம். ஒன்றும் தெரியவில்லை. பல்லை மட்டும் தனியாக வெளியே காட்டும் ரப்பர் விரிப்பு மாட்டி, அடைப்பைத் திறக்க ஆரம்பித்தேன். நரம்பு அறையை நெருங்கும்போது இடது கை எழுந்தது. நிறுத்தினேன். ‘வலியா அழுத்தமாம்மா?’ என்று கேட்டேன். ‘லேசா வலி’ என்றார். கைகள் தளர்வாக இருந்தன, முகத்தில் பதற்றம் இல்லை. சொன்னால் நிற்கும் என்று ஒருமுறை நேரில் கண்டுவிட்டதால் அடுத்து அவர் இறுகிக்கொள்ளவில்லை.

பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள இடுக்கில் மெல்லிய ஊசியால் சில சொட்டு லிக்னோகெயின் கொடுத்தேன். அது உடனே பலன் தரும், நீடிக்காது. அறை ஒரு புள்ளியில் திறந்ததும், கடைசியாக உள்ளேயே ஒரு ஊசி போட வேண்டியிருக்கும், ஒரு நொடி கடுமையாகச் சுருக்கென்று வலிக்கும், அத்தோடு முடிந்துவிடும், போடட்டுமா என்று கேட்டேன். தலையசைத்தார். வலித்தது, கால் விரல்கள் சுருண்டன. அதன் பிறகு வேலை முடியும் வரை கை எழவில்லை. இந்த உள் ஊசி நல்ல பலன் தரும். ஆனால் முன்னறிவிப்பில்லாமல் போட்டால் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு நொடியில் போய்விடும்.

நரம்புத் திசுவை எடுத்து, வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினேன். மரப்பு மூன்று முதல் ஐந்து மணி நேரம் நிற்கும், அது தெளியும் வரை சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, வெற்றிலையும் சுண்ணாம்பும் வாய்க்குள் போகவே கூடாது என்றேன். மரத்த கன்னத்தில் சுண்ணாம்பு வெந்தால் தெரியாது.

அதன் பிறகு

மறுநாள் போனில் கூப்பிட்டுக் கேட்டோம். முதல் முறையாகப் படுத்துத் தூங்கினேன் என்றார். கடித்தால் லேசான நோவு இருந்தது, அது சில நாளில் போய்விட்டது. நடவு ஒரு கட்டு முடிந்ததும் வந்து வேர்களை நிரப்பிக்கொண்டார். அழற்சி தணிந்திருந்ததால் அன்று ஒரே ஊசியில் வேலை நடந்தது. பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் போட உடனே பணமில்லை. பல் பிளந்துவிடாமல் இருக்க மேல் முனைகளைக் குறைத்து வெள்ளை அடைப்பால் மூடி வைத்தேன். புரட்டாசியில் குறுவை அறுப்பு முடிந்து வந்து உலோகக் கேப் போட்டுக்கொண்டார்.

அப்போது இடது பக்கம் ஒரு சின்னச் சொத்தையையும் காட்டினார். தானாகக் காட்டினார் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். அதை ஆழமாகும் முன் அடைத்தோம். வலி இல்லை. பாக்கைப் பாதியாகக் குறைத்திருப்பதாகச் சொல்கிறார். வாய் திறக்கும் அளவு அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த விஷயம் முடிந்துவிடவில்லை.

நடைமுறையில் மாற்றியவை

கீழ்க் கடைவாய் என்றால் உதட்டைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதில்லை என்பதை எங்கள் மருத்துவமனையில் எழுதப்பட்ட விதியாக்கினோம். குளிர் பஞ்சு அந்தப் பல்லில் வைக்கப்பட்டு, தெரியவில்லை என்று நோயாளி சொன்ன நேரம் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒற்றை நாற்காலியில் இது நேரத்தைத் தின்கிறது, மறுக்கவில்லை. ஊசி போட்ட நோயாளி நாற்காலியிலேயே எங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பக்கத்திலேயே எக்ஸ்ரே பார்ப்பது, வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வது போன்ற வேலைகளை வைத்துக்கொள்கிறோம்.

மருந்துக் குப்பியை எங்கே வைக்கிறோம் என்பதையும் சரிபார்த்தோம். அட்ரினலின் சேர்ந்த மருந்து வெயிலிலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும். சித்திரை வைகாசியில் ஜன்னலோரத் தட்டில் கிடக்கும் குப்பி மரக்க வைக்கும் என்று நம்ப முடியாது.

ஆழமான அடைப்பு போட்ட எல்லோரையும் இப்போது உட்கார்ந்த நிலையில் கடிக்க வைத்துப் பார்த்து அனுப்புகிறோம். மரப்பு தெளிந்த மறுநாள் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: அந்தப் பல் முதலில் இடிக்கிறதா? இடிக்கிறது என்றால் சரிசெய்யக் கட்டணம் கிடையாது. வேலைக்குப் போகும் வழியில் வந்தால் போதும், சில நிமிட வேலைதான்.

மரக்க வைப்பது கடினமாக இருந்தவர்களுக்குத் தமிழில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். இவருடையதில் இப்படி இருக்கிறது: ‘மரப்பு ஊசிக்கு அலர்ஜி இல்லை. வேகமாகச் செலுத்தினால் படபடப்பு வரும். சாப்பிட்ட பிறகே ஊசி. கீழ்க் கடைவாய்க்கு லிக்னோகெயின் மட்டும் போதவில்லை, கன்னப் பக்கம் ஆர்ட்டிகெயின் சேர்த்தபின் மரத்தது. தொடங்கும் முன் பல்லில் குளிர் வைத்துப் பார்க்கவும். கை தூக்கினால் நிறுத்தவும்.’ அவர் அதை ரேஷன் அட்டை வைக்கும் பையில் வைத்திருக்கிறார். ஒரு படி எங்கள் பதிவேட்டிலும் இருக்கிறது.